வீடு தேடி வரும் மருத்துவத் தொண்டு: பணம் கொடுக்கும் முன் யாரை, எதைக் கேட்டோம்

எங்கள் கல்லூரி செட்டில் ஒருத்தி புற்றுநோயால் இறந்துபோனாள். கடைசி மாதங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தின் செவிலியர்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். வலி அடங்கி, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, தன் கட்டிலிலேயே இருந்தாள். அது பெங்களூரில். அதே உதவி எங்கள் சொந்த மாவட்டத்து ஏழை வீடுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவள் கணவர் விரும்பினார். எல்லோரும் போட்டதில் 15 லட்சம் சேர்ந்தது. மாவட்டத்தில் இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் என்று எங்களுக்குத் தெரியவந்தவை இரண்டு. எதற்குக் கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நான் வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வெகுகாலம் இருந்தவள். இது 2024 கடைசியில் நடந்தது. நான் சொல்லும் சட்டப் பிரிவுகளும் படிவங்களும் அப்போது இருந்தபடி.

காகித வேலை சீக்கிரம் முடிந்தது. நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அங்கீகாரம், இரண்டும் எந்த ஆண்டு வரை செல்லும் என்பது, பான், நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண். தர்ப்பண் எண்ணை லெட்டர்ஹெட்டில் பெரிதாகப் போட்டுக்கொள்கிறார்கள். அது பதிவு எண்தானே தவிர அரசு கொடுத்த நற்சான்று இல்லை. 80ஜி விலக்குக்கு வெறும் ரசீது போதாது. நிறுவனம் நன்கொடை விவரத்தை வரித்துறையில் தாக்கல் செய்து, அடுத்த மே 31க்குள் 10பிஇ சான்றிதழ் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தோழர்கள் விஷயத்தில் கவனமாக இருந்தோம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் கொடுப்பது ஆகும். அதை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவில் பதிவு உள்ள நிறுவனம்தான் வாங்கலாம், அதுவும் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி பிரதான கிளைக் கணக்கில். அதனால் அவர்கள் பங்கை நாங்கள் கையில் வாங்கவே இல்லை. முடிவானதும் நேரடியாக அனுப்பச் சொல்லிவிட்டோம். இரண்டு நிறுவனங்களுக்கும் அந்தப் பதிவு இருந்தது.

ஆக, சட்டப்படி இரண்டும் சரி. ஆனால் அவற்றின் தலைமை எப்படிப்பட்டது, அது யாருக்குப் பதில் சொல்கிறது என்பது இந்தக் காகிதங்களில் தெரியாது. மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளைகளைக் கவனிக்கச் சாரிட்டி கமிஷனர் இருக்கிறார். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பொது அறக்கட்டளைகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. லாப நோக்கமில்லாத பிரிவு 8 கம்பெனியாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி, இயக்குநர் யார், கணக்கு என்ன என்று யாரும் பார்க்கலாம். டிரஸ்ட் என்றால் அவர்களாகக் காட்டினால்தான் உண்டு.

நியூஜெர்சியில் இருக்கும் தோழன் அங்குள்ள 990 படிவத்தை அனுப்பிவைத்தான். அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் கொடுப்பது, யார் கேட்டாலும் காட்ட வேண்டியது. அதில் ஆறாவது பகுதி முழுக்க நிர்வாகம் பற்றிய கேள்விகள். நிர்வாகக் குழுவில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் எத்தனை பேர் சம்பளமோ வியாபாரமோ இல்லாத சுயேச்சையானவர்கள்? ஒருவருக்கொருவர் சொந்தமா? கூட்டங்களின் நடவடிக்கை எழுதி வைக்கப்படுகிறதா? தலைவரின் சம்பளத்தை யார், எதை ஒப்பிட்டு முடிவுசெய்கிறார்கள்? தவறைச் சொல்லும் ஊழியருக்குப் பாதுகாப்பு உண்டா? இந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டு இரண்டு அலுவலகங்களுக்கும் போனேன். சட்டம் கேட்கச் சொல்லவில்லை என்றால் என்ன, கொடுப்பவர் கேட்கலாமே.

முதல் நிறுவனம் பெரியது, சுவரெல்லாம் விருதுகள். அறங்காவலர்கள் நிறுவனர், அவர் மனைவி, மகன், மைத்துனர். டிரஸ்ட் பத்திரத்தைக் கேட்டதும் கொடுத்தார்கள், அதைப் பாராட்ட வேண்டும். அதில், நிறுவனர் ஆயுள் முழுக்க நிர்வாக அறங்காவலர், மற்ற யாரையும் அவர் நீக்கலாம் என்று இருந்தது. மருந்து முழுவதும் மகனுடைய கடையில் வாங்குகிறார்கள். வண்டிகள் மைத்துனருடையவை, மாத வாடகை. இதில் எதுவும் அப்படியே குற்றம் ஆகிவிடாது. வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அறங்காவலரின் சொந்தக்காரர்களுக்கு நியாயமான விலைக்கு மேல் பலன் போகக்கூடாது என்றுதான் சொல்கிறது. விலை நியாயம் என்று எப்படி முடிவுசெய்தீர்கள், வேறு கடையில் கொட்டேஷன் வாங்கினீர்களா என்று கேட்டேன். “நம்ம பையன் நமக்கு அதிகமா போடுவானாம்மா?” என்றார் நிறுவனர். அவர் மனதார நம்பித்தான் சொன்னார். ஆனால் அதைத் திருப்பிக் கேட்கக்கூடிய ஒருவர்கூட அந்தக் குழுவில் இல்லை. மினிட்ஸ் புத்தகத்தில் ஒவ்வொரு கூட்டமும் ஒரே வாசகம், எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது. அவர்களுடைய செவிலியர்கள் அருமையானவர்கள். அதனாலேயே எனக்கு வருத்தம் அதிகம்.

இரண்டாவது, 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம், மாடி அறை ஒன்றில். தொடங்கிய டாக்டர் அம்மா தலைவர் இல்லை. சம்பளம் வாங்கும் மருத்துவ இயக்குநர். நிர்வாகக் குழுவில் இருவர், முன்பு இவர்கள் பார்த்த நோயாளிகளின் குடும்பத்தார். டாக்டர் அம்மாவின் சம்பளத்தைப் பேசிய கூட்டத்தில் அவர் அறையைவிட்டு வெளியே போனார் என்று மினிட்ஸில் இருந்தது. இன்னொரு பக்கத்தில், அவர் ஒரு வேன் வாங்கக் கேட்டதும், டீசல் செலவும் டிரைவர் சம்பளமும் தாங்காது என்று குழு மறுத்ததும், இருக்கும் வண்டிகளை வைத்தே கிழமை வாரியாக ஊர்களைப் பிரித்ததும் விவரமாக இருந்தன. நிறுவனரிடம் முடியாது என்று சொல்லி, அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். என் மனசு இந்தப் பக்கம் சாய்ந்தது அந்த இடத்தில்தான்.

ஆனாலும் வீட்டு மருத்துவத்தில் மினிட்ஸ் புத்தகம் பாதிதான் சொல்லும். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் உட்கார்ந்தால் நடப்பது கண்ணில் படும். இங்கே எல்லாம் ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடக்கிறது. வந்தார்களா, எவ்வளவு நேரம் இருந்தார்கள், மருந்து உள்ளே போனதா என்று நோயாளிக்கும் வீட்டில் உள்ளவருக்கும்தான் தெரியும். அவர்களோ, உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் குறை சொல்ல மாட்டார்கள். அதனால் சங்கத்தின் பதிவேட்டில் சில வீடுகளை நானே குறித்துக் கொடுத்தேன். வீட்டாரிடம் முன்கூட்டிச் சம்மதம் கேட்டு, ஒப்புக்கொண்ட வீடுகளுக்கு மட்டும் குழுவோடு போனேன். நோயாளியின் வீட்டிலேயே ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் உள்ள தேதிகள், வண்டியின் லாக் புக், அலுவலக அறிக்கையில் காட்டிய எண்ணிக்கை, மூன்றையும் ஒத்துப்பார்த்தேன். பொருந்தின.

மார்ஃபின் கணக்கில் கூடுதல் நேரம் செலவழித்தேன். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வலிக்காக மார்ஃபின் வைத்திருப்பது சுலபமாகியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு வேண்டும். நோயாளி இறந்த பிறகு மிச்ச மாத்திரைகள் என்ன ஆகின்றன என்று கேட்டேன். திரும்ப வாங்கி, இருவர் கையெழுத்தோடு எழுதியிருந்தார்கள். துக்க வீட்டில் போய் மாத்திரை எண்ணுவது எவ்வளவு சங்கடம்! அதையும் தவறாமல் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் முதல் வீடுகளுக்குப் போகிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. அப்படியானால் நீங்கள் கூடுதலாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். டாக்டர் அம்மா மழுப்பவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அரசு ஊழியர்கள் கொடுத்துவிடுகிறார்கள், அதை நாங்கள் எங்கள் கணக்கில் காட்டுவதில்லை. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மார்ஃபின், இரவில் போன் எடுப்பது எங்கள் வேலை என்றார்.

இரவு போன் பற்றி வீடுகளில் விசாரித்தபோது வேறொன்று தெரிந்தது. எல்லோரும் ஒரே சிஸ்டரின் சொந்த நம்பரைச் சொன்னார்கள். அவர் தூங்குவதே குறைவு. அதற்குத் தனிப் படியும் கிடையாது. இன்னொரு குறை, பெண்கள் தனியாக அறியாத வீடுகளுக்குப் போகிறார்கள், பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள் குழு பெயரளவில்தான் இருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. வேலைக்காகப் போகும் வீடும், போகும் வண்டியும்கூட வேலையிடம் என்கிறது. இதை நிர்வாகக் குழுவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். தணிக்கை அறிக்கை தாமதம், டாக்டர் அம்மாவுக்குப் பிறகு யார் என்ற யோசனையே இல்லை என்பதையும் சொன்னேன்.

எங்கள் செட்டிலும் ஒரு விவாதம் நடந்தது. “செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போகிறதே, நோயாளிக்கு என்ன மிச்சம்?” என்றான் ஒருவன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வீட்டு மருத்துவத்தில் கட்டடம் இல்லை, ஸ்கேன் மெஷின் இல்லை. கதவைத் தட்டும் செவிலியர்தான் சேவை. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கறாராகச் சொல்லும் எஃப்சிஆர்ஏ விதிகளே, மருத்துவமனை டாக்டர் சம்பளம் போல நோக்கத்துக்காக நேரடியாக ஆகும் செலவை நிர்வாகத்தில் சேர்ப்பதில்லை. சம்பளம் குறைவாகக் காட்டும் நிறுவனத்தில்தான் நான் கூடுதலாகக் கேட்பேன்: உங்கள் செவிலியர்கள் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களா, சில வாரப் பயிற்சி முடித்த உதவியாளர்களா? இந்தச் சங்கத்தில் பதிவு எண்களைப் பார்த்தேன், சரியாக இருந்தன.

முடிவில் சங்கத்துக்கே கொடுத்தோம், ஆண்டுக்கு 5 லட்சமாக மூன்று தவணை. முதல் தவணையில் ஒரு பகுதி இரவு போன் டியூட்டிக்கு, முறை வைத்து, படியோடு. தணிக்கை முடிந்த கணக்கு செப்டம்பருக்குள் வர வேண்டும், உள் குழுவில் வெளியிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் வேண்டும் என்று கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள். பயனாளிகளின் படம் அனுப்ப முடியுமா என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு மட்டும் முடியாது என்று எழுத்திலேயே பதில் வந்தது. படுக்கையில் கிடப்பவரின் படம் நன்கொடைக்கான ரசீது ஆகக்கூடாது என்பது குழுவின் தீர்மானமாம். தீர்மானத்தின் தேதியையும் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தையும் ஃபைலில் சேர்த்து, முதல் காசோலையில் கையெழுத்துப் போடலாம் என்று எல்லோருக்கும் எழுதினேன்.