முகத்துவாரத்திலிருந்து கல்குடாவுக்கு: இரண்டு பேர், ஒரு பாய்ப்படகு

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்திலிருந்து கல்குடாவுக்குக் கடல்வழி ஏறத்தாழ 13 கடல் மைல், அதாவது 24 கிலோமீற்றர். 22 அல்லது 24 அடிப் பாய்ப்படகு மிதமான காற்றில் மணிக்கு 4 கடல் மைல் ஓடும். மூன்றரை மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். கணவனும் மனைவியுமாக முதன்முதல் கரையோரம் ஓட நினைக்கிறவர்களுக்குக் கிழக்கில் இதைவிடத் தோதான ஓட்டம் இல்லை. தெற்கே ஒலுவில் 30 மைலுக்குக் கிட்ட. அதன் வாயை மணல் அடைத்துவிடும், இடையில் நம்பி ஒதுங்கவும் இடமில்லை. திருகோணமலை என்றால் 60 மைலுக்குக் கிட்ட, இரவும் ஓடவேண்டிவரும். அதெல்லாம் பிறகு.

இந்த ஓட்டத்தைத் திட்டமிடும்போது போகிற நாளை முதலில் பார்க்காதீர்கள். திரும்பி வந்து முகத்துவாரத்துக்குள் நுழைகிற நேரத்தை முதலில் பாருங்கள். படகு கவிழ்கிற இடம் நடுக்கடல் அல்ல, முகத்துவாரக் கரையிலுள்ள பாலமீன்மடுவுக்கு முன்னால் அலை உடைகிற அந்த மணல்திட்டுத்தான்.

பருவம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி நடுப்பகுதி வரை நல்லது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு விளையாடவேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளி எந்த மாதத்தில் அடித்தது என்பதை மட்டக்களப்பில் யாருக்கும் நினைவூட்டவேண்டியதில்லை. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வேறுவிதமாக ஏமாற்றும். கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையருகே கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். நாலைந்து கிலோமீற்றர் வெளியே போனால் அதே காற்று அலையை எழுப்பியிருக்கும், திரும்புவதென்றால் காற்றை எதிர்த்துத்தான் வரவேண்டும். அந்த மாதங்களில் ஓடினால் கரையை விட்டு அதிகம் விலகாதீர்கள்.

இனி முகத்துவாரம். வாவிக்குள்ளிருந்து வெளியேறும் நீர் வெளியிலிருந்து வரும் அலையோடு மோதினால் அலை செங்குத்தாக நின்று உடையும். மழைக்குப் பிறகு நீரோட்டம் இன்னும் கடுமை. இங்கே வற்றுப்பெருக்கு அரை மீற்றரளவுதான் என்றாலும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பெருக்கு ஏறும் நேரமோ ஓட்டம் நின்ற நேரமோதான் கடக்கும் நேரம். முதல்நாளே கரையில் நின்று இருபது நிமிடமாவது பாருங்கள்: பெரிய அலைகள் எத்தனை சேர்ந்து வருகின்றன, அவற்றுக்குப் பின் எவ்வளவு நேரம் அடங்கியிருக்கிறது, எந்த இடத்தில் நீர் கருமையாக, உடையாமல் கிடக்கிறது. அந்தக் கருமைதான் வாய்க்கால். மணல் இடம்மாறிக்கொண்டே இருப்பதால் போன மாதத்து வழி இந்த மாதம் உதவாது. பாலமீன்மடுவில் காலையில் தோணி தள்ளும் ஆட்களிடம் கதைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. ஜி.பி.எஸ். வரைபடத்தை இந்த ஓரிடத்தில் மட்டும் நம்பாதீர்கள்.

இதனால்தான் அடிக்கட்டை நிலையாக ஆழமிறங்கிய படகு இங்கே சரிவராது. ஏற்றி இறக்கும் நடுப்பலகை உள்ள படகாக, பலகையைத் தூக்கினால் அரை மீற்றர் நீரில் மிதப்பதாக இருக்கவேண்டும். படகைக் கட்டிவைப்பதும் கல்லடிப் பாலத்துக்குக் கடல்பக்கமாக இருக்கட்டும். பாய்மரத்தை நிறுத்தியபடி அந்தப் பாலத்துக்கு அடியால் போகமுடியாது.

எஞ்சின் 6 அல்லது 8 குதிரைவலு போதும். நம் பக்கத்தில் கிடைப்பவற்றில் அநேகம் மண்ணெண்ணெய் எஞ்சின்கள். பெற்றோலில் எழுப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் திரும்பவும் பெற்றோலில் ஓடவிடவேண்டும் என்பதைத்தான் மறப்பார்கள். காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் அடுத்தமுறை கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்துபோகும், அதுவும் பெரும்பாலும் முகத்துவார வாசலில். நிதான வேகத்தில் மணிக்கு 3 லீற்றர், தாராளமாக நாலு மணித்தியாலம் என்று வைத்தால் ஒருவழிக்கு 12 லீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு கூட, ஒருவழிக்கு 16 லீற்றர் என்று கொண்டுபோங்கள். மாற்றுப் பிளக் இரண்டு, பிளக் சாவி, புரொப்பெல்லர் பின் இரண்டு, நல்ல கத்தி ஒன்று. கத்தி, புரொப்பெல்லரில் வலைக்கயிறு சுற்றினால் வெட்ட.

விடிய 5.45 அளவில் வெளிச்சம் வந்ததும் புறப்படுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே போடவேண்டும். எஞ்சினில்தான் கடப்பது. ஆனாலும் பெரிய பாயை முன்கூட்டியே ஏற்றி, அதை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்வாக விட்டுவையுங்கள். எஞ்சின் நின்றால் கயிற்றை இழுத்தவுடனே படகு ஓடும். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நங்கூரம் கட்டவிழ்த்துத் தயாராக இருக்கட்டும். அலையை நேராக, முனையால் வாங்குங்கள். பாதி வழியில் மனம்மாறித் திரும்பாதீர்கள், பக்கவாட்டில் அடிபட்டால்தான் கவிழும்.

வெளியே வந்ததும் கரைக்காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில் கிடைக்கும். 1913 இல் கட்டிய 28 மீற்றர் வெளிச்சவீட்டைப் பின்னால் வைத்து வடமேற்கே ஓடினால் சவுக்கடி, புன்னைக்குடா, களுவன்கேணி என்று இடப்பக்கம் வரிசையாக வரும். கரையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீற்றர் விலகியிருங்கள். அதற்குள்ளே வந்தால் கரைவலை. மிதவைகள் வளைந்து போகும் கோட்டைக் கண்டால் கடற்பக்கமாகச் சுற்றிப் போவதுதான் மரியாதை. தோணியிலிருந்து சட்டையைக் கழற்றி வீசினால் அது வணக்கம் அல்ல, “வலைக்கு மேலால் வராதே” என்பது.

பத்து, பதினொரு மணிக்குக் கரைக்காற்று விழுந்து, சற்று நேரம் ஒன்றும் இல்லாமல், பிறகு கடற்காற்று எழும்பும். அடிக்கடி வெண்நுரை தெரியத் தொடங்கினால் காற்று மணிக்கு 12 கடல் மைலைத் தாண்டிவிட்டது. அப்போதே பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்குங்கள். ஒருவர் சுக்கானைப் பிடித்துப் படகைக் காற்றுக்குக் கிட்டத் திருப்ப, மற்றவர் பாயை ஏற்றும் ஆஞ்சானைத் தளர்த்தி, முன்மூலை வளையத்தைக் கொளுவி, ஆஞ்சானை இறுக்கி, கடைசியாகப் பின்மூலைக் கயிற்றை இழுத்துக் கட்டவேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் பாய் கிழியும். வாவிக்குள்ளேயே பழகி, பிறகு ஆளை மாற்றியும் பழகுங்கள். எங்கள் பக்கத்துச் சோடிகளில் எப்போதும் ஐயா சுக்கானில், அம்மா சாப்பாட்டுப் பெட்டியில். அந்த ஐயா விழுந்தால் யார் தூக்குவது?

விழுந்தால் செய்யவேண்டியது: மிதவையை எறியுங்கள், ஆளில் வைத்த கண்ணை எடுக்காதீர்கள். முன்பாயின் கயிற்றைத் தொடாமல் படகின் அணியத்தைக் காற்றுக்கு ஊடாக மறுபக்கம் திருப்புங்கள். முன்பாய் மறுபக்கமாகக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். சுக்கான் பிடியைக் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகத் தள்ளிக் கட்டினால் படகு ஏறத்தாழ நின்றுவிடும். தண்ணீரில் கயிறு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினை எழுப்புங்கள். ஆளுக்குக் கிட்ட வந்ததும் கியரை எடுத்துவிடுங்கள். ஏற்றுவதுதான் பெரிய பாடு. 70 கிலோ ஆளை நனைந்த உடுப்போடு ஒருவர் கையால் தூக்கமுடியாது. அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், நீருக்குள் மூன்று படி இறங்கும் ஏணி, தண்ணீரிலிருந்தே இழுத்து இறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ஆள் சோர்ந்துவிட்டால் பெரிய பாயின் நாலுமடிக் கப்பியை அங்கியின் வளையத்தில் கொளுவி இழுங்கள். இழுவை 18 கிலோவுக்கு மேலே வரும்.

சித்திரை, வைகாசியில் பின்னேரம் இடிமுகில் கட்டும். கடலில் உயரமான பொருள் உங்கள் பாய்மரம்தான் என்பதால் நண்பகலோடு நங்கூரம் போட்டுவிடுங்கள்.

கல்குடாவில் முருகைக்கல்லை விட்டு மணல் தெரியும் இடத்தில், 4 மீற்றர் ஆழத்தில் போடலாம். ஆழம் 4, நீருக்கு மேலே அணியத்தின் உயரம் 1, ஆக 5. பகலுக்கு ஐந்து மடங்கு 25 மீற்றர், இரவுக்கு ஏழு மடங்கு 35 மீற்றர் சங்கிலியும் கயிறும் விடவேண்டும். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி நங்கூரம் கடித்ததா பாருங்கள். இரவில் கரைக்காற்றில் படகு கடல்பக்கம் சாய்ந்து நிற்கும். பகலில் கடற்காற்று வந்ததும் நங்கூரத்தைச் சுற்றிக் கரைப்பக்கம் திரும்பும். அந்த முழு வட்டத்துக்கும் ஆழம் வேண்டும். இரவில் இருந்த இடத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டவர்களின் படகு மறுநாள் மணலில் உட்காரும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர். முதல்நாளுக்குப் பிட்டும் வாழைப்பழமும் போதும். தயிர்ச்சட்டி வேண்டாம், கவிழும். கடற்படைக்கும் வீட்டாருக்கும் போகும் வழியையும் வரும் நேரத்தையும் சொல்லிவையுங்கள், வி.எச்.எஃப். வானொலி 16 ஆம் அலைவரிசையில் இருக்கட்டும்.

திரும்பும்போது கல்குடாவில் 5.30க்கு நங்கூரத்தைத் தூக்கினால் 9 மணிக்கு முகத்துவாரம் தெரியும், கடற்காற்று எழும்ப முன். பின்னேரம் வந்தால் காற்றும் அலையும் முதுகில் தள்ளும். அலை தூக்கிய படகு பக்கவாட்டாகத் திரும்பினால் கதை முடிந்தது. வெளியே நின்று பாருங்கள். வாய்க்கால் முழுக்க வெள்ளையாக உடைந்தால் நுழையவேண்டாம். எரிபொருளைக் கூடுதலாகக் கொண்டுபோகச் சொன்னதும் இதற்காகத்தான். கல்குடாவுக்கே திரும்பி ஓடுங்கள், அல்லது வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் ஒதுங்கிக் கேட்டுப் பாருங்கள். மறுநாள் வேலைக்குப் போகவேண்டுமென்றால் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஓடுகிறது. படகு ஒரு கிழமை அங்கே கிடக்கட்டும்.