பதக்க விளிம்பில் ஓர் எண்

பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் தாத்தாவின் வெண்கலப் பதக்கத்தை என் கையில் கொடுத்து, எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். விளிம்பில் நான்கு இலக்க எண், பெயர், பிரிட்டிஷ் தரைப்படையின் கிழக்கு சரே ரெஜிமென்ட் என்பதன் சுருக்கம். கட்டாயப்படுத்தித்தான் அவரை முதல் உலகப் போருக்கு அனுப்பினார்கள் என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு.

முதல் வாரம் வீணாகப் போனது. எண்ணை வைத்துத் தேடினால் ஒரே எண்ணில் பலர் வந்து நின்றார்கள். 1917 வரை பிரிட்டனின் டெரிடோரியல் படையில், அதாவது அவர் இருந்த பகுதிநேரத் தொண்டர் படையில், ஒவ்வொரு பட்டாலியனும் தனித்தனியாக எண் போட்டிருக்கிறது. அதை அறியாமல் தேடினேன். அந்த ஆண்டு எல்லோருக்கும் ஆறு இலக்க எண் கொடுத்தார்கள். கிழக்கு சரேயில் 5ஆம் பட்டாலியனுக்கு 200001 முதலும், 6ஆம் பட்டாலியனுக்கு 240001 முதலும். யாருக்கு எந்தப் பதக்கம் என்று ராணுவம் குறித்துவைத்த பதக்க அட்டவணை அட்டையில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தன. புதியது 240 என்று தொடங்கியது. ஆக, கிங்ஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட 6ஆம் பட்டாலியன்.

அடுத்து லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். மூல ஆவணங்களைத் தொட்டுப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும்; அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் எடுத்துச் செல்லுங்கள். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில்தான். கணினியில் ஏற்றப்பட்டவற்றைப் பார்க்க அட்டை தேவையில்லை.

டெரிடோரியல் படை நடந்த விதம் புரிந்தால் தேடல் எளிதாகும். போர்த்துறை அமைச்சர் ஹால்டேன் கொண்டுவந்த 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழைய தொண்டர் படைகளிலிருந்து இது 1908 ஏப்ரல் 1 அன்று உருவானது. பயிற்சியும் தலைமையும் போர்த்துறையிடம். ஆள் சேர்ப்பு, பயிற்சிக் கூடம், உடை எல்லாம் அந்தந்த கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) சங்கத்திடம். அதனால்தான் எல்லாக் காகிதமும் கியூவில் கிடைப்பதில்லை. கவுண்டி ஆவணக் காப்பகங்களையும் தேடிப் போக வேண்டும்.

தாத்தாவின் பணிக் கோப்பு கிடைக்கவில்லை. 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த குண்டுகளில் சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. எனக்கு உண்மையிலேயே மனம் உடைந்துவிட்டது. நான் தேடியது அவர் கையெழுத்திட்ட ஒரே ஒரு தாளை. டெரிடோரியல் சிப்பாய் தாய்நாட்டைக் காக்க மட்டுமே கடமைப்பட்டவர். கடல் கடந்து போவதென்றால் அவரே தனியாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும்.

பிறகுதான் பதக்கத்தைத் திருப்பிப் படித்தேன். 'மனமுவந்து கடல்கடந்து ஆற்றிய சேவைக்காக, 1914-19' என்று பொறித்திருந்தது. அதன் விதிகளைத் தேடிப் படித்தேன். 1914 செப்டம்பர் 30க்குள் வெளிநாடு செல்ல ஒப்புக்கொண்ட டெரிடோரியல் வீரர்களுக்கு மட்டுமே இந்தப் பதக்கம். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்ததோ 1916இல். எரிந்துபோன தாள் சொல்லியிருக்க வேண்டியதை இந்த வெண்கலம் நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

பெரியவரிடம் விவரம் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பதக்கப் பெட்டியில் வைக்க ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்: '6ஆம் பட்டாலியன், கிங்ஸ்டன். பட்டாலியன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது 1914 அக்டோபர் இறுதியில். தாமே முன்வந்து போனவர்.'