சைகை மொழி கற்பவர் கைவிட வேண்டிய தலையசைப்பு

அமெரிக்கச் சைகை மொழியை ஆறு மாதம் பயின்று, வகுப்புத் தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்ற பிறகே, காதுகேளாதோர் வாரந்தோறும் கூடும் ஒரு சந்திப்புக்கு முதன்முறையாகச் சென்றேன். கேலி செய்வார்கள் என்ற அச்சம் இருந்தது. ஆனால் என் பெயரை விரலெழுத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கைவடிவாகக் காட்டி, தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள், எதிரே இருந்த பெரியவர் புன்னகைத்துத் தம் கைவேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

அவர் ஒரு நிகழ்ச்சியை நீளமாக விவரித்தபோது, பாதிக்கு மேல் புரியாமலேயே நான் தலையசைத்துக்கொண்டிருந்தேன். சட்டென நிறுத்தி, இதுவரை என்ன சொன்னேன் என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. பிறர் உதடசைவைப் பார்த்து, பாதி விளங்காத பேச்சுக்கெல்லாம் தலையாட்டிச் சமாளிக்க நேர்ந்தவர்களுக்கு இந்தப் பொய்த் தலையசைப்பு நன்கு பழக்கமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆகவே, "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்னும் சைகையை எழுத்துகளுக்கும் முன்னரே கற்றுக்கொள்ளுங்கள். நான் அப்படிக் கேட்கத் தொடங்கிய பின், ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்லவும் அவர் சலிக்கவில்லை.

திருத்துவதில் காதுகேளாதோர் சுற்றி வளைப்பதில்லை. அதைக் கடுமையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆம், இல்லை என்று விடை வரும் வினாவுக்குப் புருவத்தை உயர்த்த வேண்டும். யார், எங்கே, ஏன் என்பவற்றுக்குச் சுருக்க வேண்டும். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தும் என் முகம் அசையாததால், நான் கேட்ட வினாக்கள் வெறும் கூற்றுகளாகவே அவர்களுக்குத் தெரிந்தன.

எல்லோரும் வரவேற்பார்கள் என்று சொல்ல மாட்டேன். 1880இல் மிலான் நகரில் நடந்த காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகையை விடப் பேசவும் உதடசைவைப் படிக்கவும் பழக்கும் வாய்மொழிப் பயிற்சியே சிறந்தது எனத் தீர்மானித்த பின், பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி பல்லாண்டுகள் ஒதுக்கப்பட்டது. அந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு, நாலு பாடம் படித்தவுடன் பிறருக்குக் கற்பிக்கப் புறப்படும் கேட்கும் திறனுள்ளவர்மீது எரிச்சல் வருவது இயல்பே. நண்பர்களைக் காண வந்தவரை இலவச ஆசிரியராக நடத்துவதும், அவர்கள் நடுவே நாம் இருவர் கையசைக்காமல் வாயால் மட்டும் பேசிக்கொள்வதும் அதைவிட நோகச் செய்கின்றன.

ஒருவரை எழுத்தெழுத்தாகச் சொல்லாமல் ஒரே சைகையில் குறிக்கும் பெயர்ச் சைகையை நாமே சூட்டிக்கொள்வதும் வழக்கமில்லை. காதுகேளாதோர்தான் அதைத் தருவார்கள். எனக்குக் கிடைக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. என் பெயரின் முதல் விரலெழுத்தோடு, மேலும் கீழும் ஆடும் ஒரு தலையைக் காட்டும் சைகை அது.