வண்ணம் கடைசியில்தான்: வெசெக்ஸ் ஹெலிகாப்டர் ஒன்றை மீட்டெடுத்த வேலைக்குறிப்பு

வெஸ்ட்லாண்ட் வெசெக்ஸை யாரும் அழகு என்று சொல்வதில்லை. பருத்த மூக்கு, கூன் விழுந்த முதுகு, மாடி வீட்டின் மேல்தளம் போல உயரத்தில் விமானி அறை. இங்கிலாந்தின் விமானக் காட்சிகளில் ஸ்பிட்ஃபயரைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும்போது, ஓரத்துப் புல்வெளியில் மழையில் நனைந்தபடி நிற்பது பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும். அதனாலேயே இதன்மீது பாசம் வைத்தவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அந்தப் பாசத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் சிகார்ஸ்கி எஸ்-58 பிஸ்டன் எஞ்சினில் ஓடியது. பிரிட்டனின் வெஸ்ட்லாண்ட் நிறுவனம் அந்த எஞ்சினை எடுத்துவிட்டு நேப்பியர் கஸெல் டர்பைனை வைத்து 1957 மே 17 அன்று பறக்கவிட்டது. அதுதான் வெசெக்ஸ். 1961-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 2003-இல் சைப்ரஸில்தான் விமானப்படையின் கடைசி வெசெக்ஸ்கள் ஓய்வுபெற்றன. ஃபாக்லாந்து போரின்போது, 1982 ஏப்ரலில், தெற்கு ஜார்ஜியாத் தீவின் ஃபார்ச்சுனா பனியாற்றில் இரண்டு வெசெக்ஸ்கள் விழுந்து நொறுங்கின. மூன்றாவதாகப் போன பழைய மாடல் ஒன்றுதான் அங்கே சிக்கிய வீரர்கள் எல்லாரையும் மீட்டுக்கொண்டு வந்தது. சில நாளில் அதே இயந்திரம் அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே நீர்மூழ்கியின்மேல் ஆழ்வெடிகளைப் போட்டது. 'ஹம்ஃப்ரி' என்ற செல்லப்பெயருடன் இன்று அது யோவில்டன் அருங்காட்சியகத்தில் கூரைக்கடியில் நிற்கிறது. அந்தக் கொடுப்பினை மற்ற பலவற்றுக்கு வாய்க்கவில்லை. பயிற்சிப் பள்ளிகளில் கழற்றி மாட்டப்பட்டும், தீயணைப்புப் பயிற்சிக்குக் கொளுத்தப்பட்டும் போனவை ஏராளம்.

கீழே உள்ளது எச்.யூ.5 ரக வெசெக்ஸ் ஒன்றைக் காட்சி நிலைக்குக் கொண்டுவந்த வேலையின் வரிசை. பறக்கவைப்பது வேறு உலகம். சாமர்செட்டில் சார்டுக்கு அருகே எக்ஸ்டி 761 என்ற எச்.யூ.5 மீண்டும் பறந்திருக்கிறது என்றால், அதன் பின்னால் உரிமம் பெற்ற பொறியாளர்களும் முழுமையான பாகக் கையிருப்பும் உண்டு. நிறுத்திவைக்கும் இயந்திரத்துக்குத் தேவை நிதானமும் சரியான வரிசையும்.

வாங்குமுன் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். புகைப்போக்கியைப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு பக்கமும் ஒரு பெரிய குழாய் இருந்தால் இரண்டு நோம் எஞ்சின் கொண்ட எச்.சி.2 அல்லது எச்.யூ.5. பக்கத்துக்கு இரண்டு சிறு குழாய் என்றால் கஸெல் எஞ்சின் கொண்ட எச்.ஏ.எஸ்.1 அல்லது 3. இந்த வேறுபாடு பாதுகாப்புக்கும் முக்கியம். கஸெலின் ஸ்டார்ட்டர் ஆவ்பின் என்னும் ஐசோபுரொப்பைல் நைட்ரேட்டில் ஓடுவது. காற்றே இல்லாவிட்டாலும் எரியும் திரவம் அது. அந்தத் தொட்டி காலியாகிக் கழுவப்பட்டிருக்கிறதா என்பது உறுதியாகும்வரை மூக்குப் பகுதியில் டிரில்லைக்கூட எடுக்கக் கூடாது.

வேலை தொடங்குமுன் தேட வேண்டியவை இன்னும் சில. தீயணைப்பு பாட்டில்களின் தலையிலும், மீட்பு வின்ச்சில் கம்பியை அறுக்கும் பொறியிலும், சரக்குக் கொக்கியிலும் சின்ன வெடிமருந்துக் குப்பிகள் இருக்கலாம். ராணுவம் கழற்றியிருக்கும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து எழுதிவையுங்கள். பழைய மானிகளின் முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய பூச்சு இருந்தால் ரேடியம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கைகர் கருவி அதைக் காட்டிவிடும். கண்ணாடி உடையாத மானியைத் திறக்கவே கூடாது. உடைந்திருந்தால் பையிலிட்டு மூடி, விவரம் தெரிந்தவரிடம் சேர்க்க வேண்டும். டிரிட்டியம் விளக்குகள் விஷயத்தில் அதே கைகர் கருவி ஏமாற்றும். டிரிட்டியத்தின் பீட்டாக் கதிர் அவ்வளவு பலவீனமானது, சாதாரணக் கருவியின் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. 'கருவி அமைதியாக இருக்கிறது, ஆகவே ஒன்றுமில்லை' என்ற முடிவு அங்கே தவறு. புகைப்போக்கியைச் சுற்றியுள்ள போர்வைகளையும் கேஸ்கெட்டுகளையும் சோதித்துப் பார்க்கும்வரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே நடத்த வேண்டும்.

கால்களின் ஓலியோவில், அதாவது அதிர்வு தாங்கும் குழலில், அழுத்தம் மிச்சமிருக்கும். வால்வு வழியாக மெல்ல இறக்கிய பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். அழுத்தம் போனதும் இயந்திரம் குந்திவிடும் என்பதால், பிஸ்டன் தண்டைச் சுற்றி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த இரும்புக் குழாயை வைத்துக் கிளாம்ப் போட்டுவிட்டால் நிற்கும் தோரணை மாறாது.

கொண்டுவருவதில் பலர் தடுமாறுவது உயரத்திலும் அகலத்திலும். சக்கரங்களுக்கு இடையே மட்டும் சுமார் 3.66 மீட்டர். பிரிட்டனில் 2.9 மீட்டருக்கு மேல் அகலமான சுமைக்குக் காவல்துறைக்கு இரண்டு முழு வேலைநாள் முன்னறிவிப்பு தர வேண்டும், 3.5 மீட்டரைத் தாண்டினால் உடன்செல்ல ஆளும் வேண்டும். சக்கரத்தில் நிற்கும்போது ரோட்டர் தலைவரை சுமார் 4.4 மீட்டர் உயரம். டிரெய்லர் தளம் 0.9 மீட்டர் என்றால் கூட்டிப் பாருங்கள்: 5.03 மீட்டருக்குக் கீழான பாலங்களில்தான் உயரப் பலகை இருக்கும், நாம் அந்தக் கணக்கையே தாண்டிவிடுகிறோம். உடனே ரோட்டர் தலையைக் கழற்றத் தோன்றும். கழற்றினால், இறக்கும் இடத்தில் கிரேன் கொக்கியை எங்கே மாட்டுவது? இதைத் தூக்குவதே அந்தத் தலையில்தான். ஆகவே தலையை விட்டுவிட்டுக் கால்களைக் கழற்றி, வயிற்றை மரத் தொட்டிலில் உட்காரவைப்பதே சரி. உயரம், அகலம் இரண்டும் ஒரே வேலையில் குறையும். தொட்டிலின் கட்டைகள் உட்சட்டங்களுக்கு நேர்கீழே வர வேண்டும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே வெறும் தகட்டில் வந்தால் குழி விழும். வால் பகுதி பக்கவாட்டில் மடியும்படி செய்யப்பட்டதுதான், ஆனால் பல வருடம் மடியாத கீலை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் காது முறியும். அசிட்டோனும் தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயான ஏ.டி.எஃப்-உம் சம அளவில் கலந்து ஒரு வாரம் தினமும் விட்டால் பெரும்பாலும் வழிக்கு வரும்.

ஸ்பேனர் பற்றி ஒன்று. எல்லாம் அங்குல அளவு. 7/16 அங்குலத் தலை என்பது 11.11 மி.மீ. 11 நுழையாது, 12 நுழைந்து முனையைத் தேய்த்துவிடும். மெட்ரிக் பெட்டியைப் பக்கத்தில் வைக்காமலிருப்பதே நல்லது.

இனி உண்மையான எதிரி: தண்ணீர். வெளியே நிற்கும் ஹெலிகாப்டர் உள்ளிருந்துதான் சாகும். வெளித்தோல் பளபளப்பாகத் தெரியும், தரையடியில் மீன் தொட்டி போலத் தண்ணீர் தேங்கியிருக்கும். எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கண்ணாடிச் சட்டங்களின் ரப்பர், மூக்கின் இரு கதவுகள் சேரும் இடம், பிறகு யாரும் சந்தேகிக்காத ஒன்று: விமானி ஏறும் படிகள். வெசெக்ஸின் பக்கவாட்டில், காலை உள்ளே விடும் குழிகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஸ்பிரிங் வைத்த சின்னத் தகட்டுக் கதவு மூடும். ஸ்பிரிங் துருப்பிடித்ததும் கதவு அரை விரல் அளவு திறந்தபடி நின்றுவிடும். மழை அந்த இடுக்கில் நுழையும். பின்னாலேயே பறவை வந்து வைக்கோலும் இறகும் சேர்க்கும். அந்தக் குப்பை ஈரத்தைப் பஞ்சு போலப் பிடித்துவைத்துக்கொள்ளும். எச்சத்தின் அமிலம் தகட்டைத் தின்னும். நாங்கள் ஒரு குழிக்குள்ளிருந்து எடுத்த கூடு கையில் கனமாக இருந்தது, பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது. அதன் அடியிலிருந்த தகடு ஸ்குரூடிரைவர் முனை பட்டதும் பிஸ்கட் போல உதிர்ந்தது. அரை விரல் இடுக்குக்கு அதுதான் விலை. எல்லாப் படிக்கதவுகளின் ஸ்பிரிங்கையும் முதல் வாரத்திலேயே மாற்றுங்கள்.

வடிகால் துளைகளுக்கு வரைபடம் போடுங்கள். முனை மழுங்கடித்த 3 மி.மீ. வெல்டிங் கம்பியை ஒவ்வொன்றிலும் விட்டுப் பாருங்கள். பிறகு மேலிருந்து அளந்து ஒரு லிட்டர் ஊற்றி, கீழே வாளி வைத்துப் பிடியுங்கள். முக்கால் லிட்டர்தான் வந்தது என்றால் கால் லிட்டர் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. வால் மடியும் சட்டமும் வால்சக்கரம் மாட்டிய இடமும்தான் வழக்கமான ஒளிவிடம்.

அடுத்து உலர்த்தல். எல்லாப் பலகைகளையும் திறந்து, மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்து மூன்று வாரமாவது விட வேண்டும். குளிர்காலத்தில் கம்ப்ரஸர் வகைக் கருவி உறைந்து நின்றுவிடும். சிலிக்கா சக்கரம் உள்ள வகைதான் பத்து டிகிரிக்குக் கீழேயும் வேலை செய்யும்.

உலர்ந்தபின் உலோகத்தை அடையாளம் காண வேண்டும். கியர்பாக்ஸ் உறைகள் மக்னீசியக் கலவை. ஆங்காங்கே வேறு பாகங்களும் அப்படியே இருக்கலாம். மறைவான ஓரத்தில் வண்ணத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். பார்த்த உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராகத் தேய்க்க ஆரம்பிப்பது ஆபத்து. மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் அதை வளர்க்கும். உலர்ந்த மணலோ உலோகத் தீக்கான தூளோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மெஷின் வேண்டாம், கையால்தான் தேய்க்க வேண்டும். இரும்பு நார் எந்த உலோகத்திலும் கூடாது. அதன் துணுக்குகள் தகட்டில் பதிந்து அடுத்த மழையிலேயே புதுப் புண்ணைத் தொடங்கிவைக்கும். நைலான் நாரும் உப்புத்தாளும் போதும்.

துரு அரித்து வெள்ளையாகப் பூத்த இடத்தை முழுக்க எடுத்து, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை போங்கள். மிச்சத் தடிமன் போதாதென்றால் ஒட்டுத் தகடு. தோல் தகடுகளுக்கு 0.7 முதல் 0.9 மி.மீ. வரையான 2024-டி3 அலுமினியம் பெரும்பாலும் பொருந்தும். பழைய தகட்டை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். பழைய ரிவெட்டின் தலையை மட்டும் டிரில் செய்து, பஞ்ச்சால் தட்டித் தண்டை வெளியேற்றுங்கள். தண்டுவரை டிரில்லை விட்டால் துளை முட்டை வடிவாகிவிடும். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. துளை; ரிவெட் நீளம் தகடுகளின் மொத்தத் தடிமனோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு; ஓரத்திலிருந்து துளையின் நடுவரை விட்டத்தின் இரண்டு மடங்காவது. மக்னீசியத்தில் 5056 கலவை ரிவெட் மட்டுமே. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரும்புக் கம்பி வைத்த பாப் ரிவெட்டை எங்கும் அடிக்காதீர்கள். முன்பு யாரோ அவசரத்துக்கு அடித்துவைத்த அத்தகைய ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளை வளையம் பூத்திருப்பதை ஒவ்வொரு வெசெக்ஸிலும் பார்க்கலாம். இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் டியூராலாக் போன்ற பூச்சு நடுவில் இருக்க வேண்டும். அதில் நச்சான குரோமேட் உண்டு, கையுறை கட்டாயம்.

பூத்த இடத்தின்மேல் கார் பட்டியை அப்பி மூடுவது இந்த இயந்திரத்துக்குச் செய்யும் மிகப் பெரிய அநியாயம். இரண்டு குளிர்காலம் அழகாக இருக்கும். மூன்றாவதில் பட்டி கைப்பிடி அளவாகப் பெயர்ந்து விழும், அதன் பின்னால் தகடே இருக்காது.

மூடப்போகும் அறைகளுக்குள் ஏ.சி.எஃப்-50 போன்ற துருத்தடுப்பு எண்ணெயைப் பனிபோலத் தெளிக்க வேண்டும். வண்ணம் அடிக்கப்போகும் பக்கத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது, பட்டால் பிரைமர் பிடிக்காது.

கண்ணாடிகள் பெரும்பாலும் அக்ரிலிக். மேல் கீறல்களுக்கு 800, 1200, 2000 என்ற வரிசையில் தண்ணீரோடு தேய்த்துப் பாலிஷ் செய்தால் போதும். உள்ளே நெசவு போல வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஜன்னல் துடைக்கும் ஸ்ப்ரேயும் அசிட்டோனும் அந்த வெடிப்பை ஒரே நாளில் பெருக்கிவிடும்.

வண்ணத்துக்கு வருவோம். பழைய நிறத்தைத் தெரிந்துகொள்ள, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் 1200 உப்புத்தாளால் வட்டமாகத் தேயுங்கள். மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்கடுக்காகத் தெரியும்: மேலே பயிற்சிப் பள்ளிக் காலத்துப் பூச்சு, கீழே கமாண்டோப் பணியின் ஆலிவ் பச்சை, அடியில் பிரைமர். பிரிட்டிஷ் தர நிற அட்டையான பி.எஸ். 381சி-இல் அந்தப் பச்சையின் எண் 298. விமானப்படை மீட்பு வெசெக்ஸின் மஞ்சள் 356. எபாக்ஸி பிரைமரின்மேல் இரண்டு கலவைப் பாலியூரித்தேன் நன்றாக நிற்கும். ஆனால் அதிலுள்ள நச்சுப் பொருளான ஐசோசயனேட்டுக்குச் சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்றுக் குழாய் இணைத்த முகமூடி வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே அடித்தால் மங்கிப்போகும். இங்கிலாந்தில் அந்த வேலைக்கு மே முதல் செப்டம்பர்வரைதான் காலம்.

ரோட்டர் இறக்கைகளில் பெயின்ட் கரைப்பான் தொடவே கூடாது. அலுமினியத் தண்டின் பின்னால் வரிசையாக ஒட்டப்பட்ட பெட்டிகள் அவை, பசை இளகினால் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். நான்கு இறக்கைகளையும் மாட்டினால் 17 மீட்டர் விட்டம். பார்க்க அருமை, காற்றில் அவை துள்ளும்போது கீல்கள் அடிவாங்கும். நுனிக்கு உறையிட்டு நான்கையும் கட்ட வேண்டும், கயிறு விறைப்பாக இழுக்காமல் இறக்கையின் இயல்பான தொங்கலிலேயே பிடிக்க வேண்டும். அக்டோபர் கடைசிக்குள் இறக்கிக் கொட்டகையில் வைத்துவிடுவது இன்னும் நல்லது.

பிறகு மாதம் ஒருமுறை அதே வெல்டிங் கம்பி, அதே வாளி. பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மேலேறும் விளிம்புக்குள் தண்ணீரைச் செலுத்திவிடும். மென்மையான பிரஷ், காரமில்லாத சோப்பு, குழாய்த் தண்ணீர். கழுவி முடித்ததும் படிக்கதவு ஒவ்வொன்றையும் விரலால் உள்ளே தள்ளி விடுங்கள். டக்கென்று திரும்பி மூட வேண்டும்.