ஆளில்லாத வயல்

நான் ஜொகானஸ்பர்க் வந்து சேர்ந்தது ஓர் ஆகஸ்ட் மாதத்தில். மழையற்ற குளிர்காலம் முடியும் அந்நாட்களில் காற்று எழுந்தால், லெனேசியாவிலிருந்து நகருக்கு வேலைக்குச் செல்லும் வழியில் நிற்கும் மஞ்சள் மேடுகளிலிருந்து புழுதி கிளம்பி வண்டியின் கண்ணாடியில் படியும். குன்றுகள் என்றே முதலில் நினைத்தேன். 1886இல் இங்கே பொன் கண்டெடுக்கப்பட்ட பிறகு, பாறையை வெட்டியெடுத்து, அரைத்து, பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் அது என்று உடன் வேலை செய்தவர் சொன்னார். அன்று மாலையே, ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்காட்டியில் பச்சை வயலும் வாய்க்காலும் தென்னையும் இருந்த பக்கத்தைக் கிழித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். திருவாரூர்ப் பக்கத்து எங்கள் ஊர் அச்சாக அப்படித்தான் இருக்கும்.

அதே 1886இல் பிறந்தவர் ஓவியர் ஜேக்கப் ஹென்ட்ரிக் பியர்நீஃப். ஜொகானஸ்பர்க்கின் புதிய ரயில் நிலையத்துக்காக ரயில்வே நிர்வாகம் 1929இல் கேட்டுக்கொண்டபடி, அவர் 28 நிலக்காட்சிகளையும் மரங்களை மட்டும் காட்டும் 4 சிறிய ஓவியங்களையும் வரைந்து கொடுத்தார். சுரங்க நகரத்துப் பயணி அண்ணாந்து பார்த்து ஏங்குவதற்கான மலைகள், முள்மரங்கள், விரிந்த வானம். இன்று அவை ஸ்டெல்லன்பாஷ் நகரின் ரூபர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அலுவல் நிமித்தம் கேப் டவுன் சென்றபோது அங்கே போய் வெகுநேரம் நின்றேன். அவருடைய மேகங்கள் கோபுர நிலைகளைப் போல அடுக்கடுக்காக எழுகின்றன. அந்த அழகை மறுக்க மாட்டேன். ஆனால் அந்நிலத்தில் மனிதர் ஏறக்குறைய இல்லவே இல்லை. கறுப்பின மக்களுக்கு நாட்டு நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டை மட்டுமே 1913ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்திருந்த, உழுதவர்களும் மேய்த்தவர்களும் கூலிக்காகச் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது.

திரும்பி வந்த வாரம், பக்கத்து வீட்டு ஆயா பணியாரம் கொண்டுவந்தார். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேத்தி அவர். சுவரிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல யார் தம்பி வேலை செய்யறது?" என்று கேட்டார். தம் தாயார் வெட்டிய கரும்புக் காடும் தூரத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் பச்சைப் பசேலென்று இருக்கும் என்றும் சொன்னார்.

நடவுக் காலம் முழுவதும் என் அம்மாவின் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் இருக்கும். இரவில் மருதாணி அரைத்துப் பூசிக்கொள்வார். இத்தனை மாதம் ஊருக்காக ஏங்கிய நான் அதை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அன்றிரவே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, அவருடன் நடவு நட்ட பெண்கள் யார் யார் என்று கேட்டேன். வாய்க்கால் கரையில் இருந்த முதல் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனவர், அரை மணி நேரமாகியும் எங்கள் தெருவைத் தாண்டவில்லை.