வேலையே செய்யாமல் முதலிடம் பிடித்த நோடு

"ராத்திரி பகலா யாரோட கணக்கைப்பா போட்டுக்கிட்டு இருக்க?" என்று அம்மா போனில் கேட்பார். "தெரியலம்மா" என்பேன். மழுப்பல் இல்லை, எனக்கு நிஜமாகவே தெரியாது.

ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் கிளஸ்டரை, அதாவது ஒன்றாகப் பிணைத்த கணினிக் கூட்டத்தை, பார்த்துக்கொள்ளும் வேலையில் அப்போது இருந்தேன். பேஸ்மென்ட்டில் தனித்தனியாகக் கணக்குப் போடும் சில நூறு கோர்கள், ஓயாத ஏசி இரைச்சல். அந்தக் கோர்களில் பாதிக்கு மேல் ஜெனீவாவில் இருக்கும் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் உலகளாவிய கணினி வலையான கிரிட்டுக்கு நேர்ந்துவிட்டவை. அங்கே எல்எச்சி என்னும் துகள் முடுக்கி வளையத்துக்குள் புரோட்டான் கொத்துகள் ஒரு நொடியில் 4 கோடி முறை குறுக்கிடும். வடிகட்டி வடிகட்டி ஆயிரம் நிகழ்வுகள் அளவில்தான் மிச்சம் வைப்பார்கள். அந்த மிச்சத்தைக்கூட ஜெனீவா ஒற்றை ஆளாய்ச் சமாளிக்க முடியாது. மொத்தக் கணக்கீட்டுத் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. மற்றதெல்லாம் 40-க்கும் மேற்பட்ட நாடுகளில், ஏறத்தாழ 170 மையங்களில் சிதறிக் கிடக்கிறது. இந்தியாவிலும் உண்டு: எல்எச்சியின் ஆலிஸ் சோதனைக்குக் கொல்கத்தா விஇசிசி ஆய்வகம், சிஎம்எஸ் சோதனைக்கு மும்பை டிஐஎஃப்ஆர் ஆய்வகம். இவற்றைப் போல நாங்களும் 'டயர்-2'. அடுக்கில் கடைசிக்குப் பக்கம்.

யார் எவ்வளவு கணக்கு ஓட்டலாம் என்பதை 'ஃபேர்ஷேர்' என்ற பங்கீட்டு விதி தீர்மானிக்கும். எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி செய்வதும் இதையேதான். நேற்று நிறையப் பாய்ச்சியவன் இன்று பொறுக்க வேண்டும். நாலு நாள் சும்மா இருந்தவனுக்கு மடை முதலில் திறக்கும். நீர்க்கட்டிக்கு விழும் ஏச்சும் எனக்குத் தவறாமல் விழுந்தது. மாடியில் இருக்கும் பேராசிரியர் இறங்கி வந்து, தன் துறையின் மெஷினில் தன் மாணவன் ஓட்டக் கொடுத்த கணக்கு, அதாவது 'ஜாப்', இரண்டு நாளாய்க் காத்திருக்கிறதே என்பார். கியூவில் முன்னால் நிற்பவர் யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முகம் தெரியாதவர்களை உள்ளே விட எங்களுக்கு இருந்த ஒரே பிடி, இன்னார் என்று காட்டும் டிஜிட்டல் சர்டிபிகேட். அதிலிருந்து, வழக்கமாக 12 மணி நேரமே செல்லும் ஒரு தற்காலிகச் சீட்டை எடுத்து ஜாபோடு அனுப்புவார்கள். புதுப்பிக்க மறந்தவர்களின் ஜாப் கியூவிலேயே பாதி நாளைக் கழித்துவிட்டு, ஒருவழியாய் ஓடி முடித்து, விடையை எழுதிவைக்கப் போகும்போது வாசலில் நிறுத்தப்படும். எட்டு மணி நேரக் கணக்கு கண்ணெதிரே குப்பைக்குப் போகும். பார்க்கவே வயிறெரியும்.

என் பங்குக்கு நானும் ஒரு கூத்து அடித்தேன். 2010-இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. வீட்டிலிருந்து கிளஸ்டரின் கண்காணிப்பு வரைபடத்தைத் திறந்தால், முடிந்த ஜாப்களின் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. 'அட, பயல்கள் பறக்கிறார்களே' என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். நடந்தது வேறு. ஒரே ஒரு நோடில், அதாவது கிளஸ்டரின் ஒரு கணினியில், மென்பொருள் இருக்கும் பொது டிஸ்க் மவுன்ட் ஆகாமல் கழன்றிருந்தது. அங்கே போன ஜாப் ஒவ்வொன்றும் நிரலைத் தேடி, காணாமல், இருபது நொடியில் செத்தது. மற்ற நோடுகளில் ஒரு ஜாப் முடிய ஆறேழு மணி நேரம் ஆகும். இதுவோ எப்போது பார்த்தாலும் காலி. காலியாக இருப்பவனுக்குத்தானே அடுத்த வேலை? ஒரே நேரத்தில் எட்டு ஜாப் ஓட எட்டு ஸ்லாட், நிமிடத்துக்கு 24 சாவு. கியூவில் இருந்த மூவாயிரம் ஜாப்பும் இரண்டு மணி நேரத்தில் காலி.

இந்த வகை நோடுக்குத் தொழிலில் 'கருந்துளை' என்று பெயர். காலையில் புகார் டிக்கெட்டுகள் வந்து குவிந்திருந்தன. அத்தனையும் பணிவான வார்த்தைகளில். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை தன்னையே சோதித்து, கோளாறு இருந்தால் தானாகவே கடையைச் சாத்திக்கொள்ளும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஒவ்வொரு நோடிலும் போட்டேன். பெரிய சோதனைக் குழுக்களில் பல அதற்கு முன்பே 'பைலட்' ஜாப் முறைக்கு மாறத் தொடங்கியிருந்தன. முதலில் வெறுங்கையோடு ஒரு ஜாப் வரும். வீடு பார்க்க வந்தவர் குழாயைத் திறந்து பார்ப்பதுபோல எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, திருப்தியானால்தான் நிஜ வேலையைக் கேட்டு வாங்கும்.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பு வந்தபோது, செர்ன் தலைவர் ரோல்ஃப் ஹோயர், முடுக்கியையும் சோதனைக் கருவிகளையும் சொன்ன கையோடு கிரிட்டையும் சொன்னார். பேஸ்மென்ட்டில் நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். இரவு அம்மா கூப்பிட்டார். "டிவியில சொன்னாங்களே, அந்தத் துகள் கணக்கு உன் மெஷின்லயும் ஓடுச்சாப்பா?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன், தேடவும் செய்தேன். யாருடைய சர்டிபிகேட் என்று பதியும் கோப்புகளைச் சில மாதங்களில் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். மிஞ்சியிருந்தது, எல்எச்சியின் இன்னொரு சோதனையான அட்லஸின் பெயரும் எண்ணும் மட்டும் தாங்கிய பொதுப் பயனர் கணக்குகளின் பட்டியல் மட்டும். அட்லஸ்041, ஏழு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். அட்லஸ்041, ஆறு மணி நேரம் ஐம்பது நிமிடம். அட்லஸ்017, இருபது நொடி.