இரண்டாவது பம்பு

ஸ்கிட் ஸ்டீர் லோடர் என்று எண்ணூர்ப் பக்கம் சொன்னால் யாருக்கும் புரியாது. எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் இங்கே அது பாப்கேட்தான். 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள், ஒரு வான்கோழிப் பண்ணைக்காரருக்குக் கொட்டகைக்குள்ளேயே திரும்பி எச்சம் வாருவதற்காகச் செய்து கொடுத்த சின்ன வண்டியிலிருந்து வந்த வம்சம் இது. அங்கே எச்சம், எங்களுக்கு நிலக்கரி. கன்வேயருக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வார வேண்டும், சில நாள் கிரேனில் கட்டிக் கப்பலின் அடியறைக்குள் இறக்கி, மூலையில் ஒட்டிக் கிடப்பதை நடுவுக்குத் தள்ள வேண்டும். உள்ளே இறக்கிய வண்டி நின்றுவிட்டால் மேலே கிரேனும் நிற்கும், கீழே ஆளும் நிற்பார்கள், எல்லார் கண்ணும் மெக்கானிக் மேலேதான் இருக்கும்.

நான் அந்த மெக்கானிக். பதினொரு வருஷமாக ஒரு காண்ட்ராக்டரிடம் மூன்று வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வண்டியில் எஞ்சினைத் தவிர மற்றது எல்லாமே ஆயில்தான் என்று சொல்லலாம். பூம் என்கிற தூக்குக் கையை ஏற்றுவது, பக்கெட் கவிழ்ப்பது மட்டுமில்லை, சக்கரம் சுற்றுவதும் ஆயில் அழுத்தத்தில்தான். இடது பக்கத்துக்கு ஒரு பம்பு, ஒரு மோட்டார், வலது பக்கத்துக்கு தனியாக ஒரு ஜோடி. ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு பக்கமும் வேற வேற வேகத்தில் ஓடினால் வண்டி தரையில் தேய்த்துக்கொண்டு திரும்பும். அதனால் ஆயில் கெட்டால் ஏதோ ஒரு பாகம் கெட்டது என்று இல்லை, வண்டியே கெட்டது.

நான் செய்த ஒரு தப்பைத்தான் இங்கே எழுத நினைத்தேன்.

நாலு வருஷம் முன்னால் ஒரு மே மாதம். ஆபரேட்டர் வந்து, "அண்ணா, காலைல நல்லா தூக்குது, மதியம் ஆனா இன்னா பண்ணாலும் எழுந்திருக்க மாட்டேங்குது" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வரியிலேயே நோய் முழுசாக இருந்தது. ஆயில் சூடானால் இளகும், பூமுக்கு ஆயில் தள்ளுகிற பல்சக்கர பம்பு தேய்ந்திருந்தால், இளகின ஆயில் அதன் பல் சந்து வழியாகத் திரும்பி ஓடிவிடும், பூமைத் தள்ளித் தூக்குகிற ஜாக்குக்குப் போய்ச் சேராது. காலையில் ஆயில் கெட்டியாக இருக்கிற வரைக்கும் அந்தத் தேய்மானம் வெளியே தெரியாது. ஆனால் அன்றைக்கு சூப்பர்வைசர் அவசரத்தில், அழுத்தம் அளவு மீறினால் ஆயிலைத் திருப்பி விடுகிற ரிலீஃப் வால்வைக் கொஞ்சம் டைட் வைக்கச் சொன்னார், நானும் வைத்தேன். பம்பு தேய்ந்திருக்கும்போது வால்வைத் திருகுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, சூடுதான் கூடும். மூன்றாம் நாள் மதியம் அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டிப் பார்த்தேன். 200 பார் நிற்க வேண்டிய இடத்தில் 140க்கு மேல் முள் ஏறவில்லை.

சரி, புது பம்பு வாங்கினோம், மாட்டினோம், ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம், வண்டி புதுசு மாதிரி ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

180 மணி நேரம்தான் ஓடியது. திரும்ப அதே மதியம், அதே சோம்பல்.

கழற்றிப் பார்த்தபோது அந்தப் புது பம்பின் பக்கத் தட்டில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தது, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற ஆழம். பழைய பம்பு தேய்ந்து உதிர்ந்த உலோகத் தூள் எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. அது ஆயில் கூலரின் குழாய்களுக்குள்ளும் ஹோஸ்களின் வளைவிலும் டேங்க் அடியிலும் உட்கார்ந்திருந்தது. ட்ரெயின் பிளக்கைத் திறந்து நாம் இறக்குவது டேங்கில் இருக்கிற ஆயிலை மட்டும்தான். ஜாக்கிலும் லைனிலும் கூலரிலும் நிற்பது அப்படியே இருந்து, புது ஆயிலோடு கலந்துவிடும். டேங்க் அடியைத் துணியால் துடைத்து வெயிலில் பிடித்தேன், ஜிகினா மாதிரி மின்னியது. அதில் கண்ணுக்குத் தெரிந்தது பெரிய தூள், பம்பைத் தின்றது தெரியாத தூள். மனுஷக் கண்ணுக்கு ஏறக்குறைய 40 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே எதுவும் தெரியாது, பம்புக்குள் இருக்கிற இடைவெளியோ அதைவிட ரொம்பக் குறைவு.

இரண்டாவது தடவை, இன்னொரு புது பம்பு மாட்டும்போது, கூலரைக் கழற்றிக் கழுவினேன், ஹோஸ் ஒவ்வொன்றையும் கழற்றி ஊதினேன், டேங்கைத் திறந்து பஞ்சு உதிராத துணியால் துடைத்தேன், காட்டன் வேஸ்ட்டைக் கிட்டேயே விடவில்லை. 50 மணி நேரத்தில் ஃபில்டரைத் திரும்பவும் மாற்றினேன். மூன்று நாள் வண்டி நின்றது, ஆபீசில் ஏச்சும் வாங்கினேன். முதல் தடவையே அந்த மூன்று நாளைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஒரு பம்பின் விலை மிச்சமாகியிருக்கும்.

அதற்கப்புறம் அழுக்கு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் நம் கையால்தான் வருகிறது. ஆயில் ஊற்றுகிற புனல் யார்டு மூலையில் கவிழ்ந்து கிடக்கும், அதையே எடுத்து ஊற்றுவோம். பக்கெட்டை மாற்றி, இடித்து உடைக்கிற பிரேக்கர் மாட்டும்போது, ஹோஸை இணைக்கிற கப்ளர் மூக்கில் கரித்தூள் படிந்திருக்கும், துடைக்காமல் சொருகினால் அது நேரே ஆயிலோடு போகும். கப்ளரில் இன்னொரு தொல்லையும் உண்டு. கழற்றிவைத்த பிரேக்கர் வெயிலில் கிடந்தால் உள்ளே அடைபட்ட ஆயில் விரிந்து, கப்ளர் சேரவே சேராது. பையன்கள் சுத்தியலை எடுத்துவிடுவார்கள். கழற்றும் முன்னாலேயே எஞ்சினை நிறுத்தி, லைனில் நிற்கிற அழுத்தத்தை இறக்கிவிட்டால் இந்த வேலையே இல்லை. கழற்றினதை நிழலில் வைத்தால் இன்னும் நல்லது.

கடல் காற்று இன்னொரு பக்கம். ஜாக் ராடின் குரோம் பூச்சில் உப்பு அரித்து ஒரு பொட்டு விழுந்தால் போதும், ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது ஆயில் கசியாமல் தடுக்கிற சீலை அறுக்கும். சீல் கிட் மாற்றி மாற்றி அலுத்துப்போய் ஒருநாள் ராடை விரலால் தடவிப் பார்த்தபோதுதான் காரணம் கிடைத்தது. ராத்திரி நிறுத்தும்போது பூமை முழுசாக இறக்கி, ராடு உள்ளே போகும்படி நிறுத்தச் சொல்கிறேன், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சத்துக்கு கிரீஸ் தடவச் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஒரு வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிட்டது. அதை ஓட்டிச் சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்று சொன்னவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ளவில்லை. முழுசாக இறக்கி, ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, திரும்ப இறக்கினேன்.

இதெல்லாம் வண்டிக்கு ஆகிற சேதம். கைக்கு ஆகிற சேதத்தையும் எழுதிவிடுகிறேன். ஹோஸில் ஊசித்துளை விழுந்து ஆயில் பனி மாதிரி கசிந்தது, எங்கே என்று பார்க்க ஹெல்ப்பர் பையன் கையை நீட்டினான். நான் அவன் கையில் ஓங்கி அடித்தேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயந்திரம் ஒரு அட்டைத் துண்டை அந்த இடத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன், பிளேடு போட்ட மாதிரி கிழிந்தது. அந்த ஆயில் தோலுக்குள் போனால் முதலில் வலிக்காது, ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், சில மணி நேரத்துக்குள் அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரலே போகலாம், கையே போகலாம். அவன் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாயால சொல்லியிருக்கலாம்ல அண்ணா" என்றான். சொல்வதற்கு நேரம் இல்லை தம்பி என்றேன்.

ஹவர் மீட்டர் கணக்குப்படி ஃபில்டர் 500 மணி, ஆயில் 1000 மணி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். கரித்தூளுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு அந்தக் கணக்கு தாங்காது, நான் ஃபில்டரை 250இல் மாற்றுகிறேன். கூலரைத் தினமும் ஊத வேண்டும், அதுவும் உள்பக்கத்திலிருந்து வெளியே. வெளியிலிருந்து ஊதினால் தூள் இன்னும் உள்ளே போய் இறுகும். லேசாக ஆயில் கசிவும் சேர்ந்துவிட்டால் கரித்தூள் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும், அப்புறம் காற்றுக்கு அசையாது, டீசல் போட்டுக் கழுவத்தான் வேண்டும்.

மூன்றாவது பம்பு இப்போது 1,900 மணி நேரம் தாண்டிவிட்டது. நேற்று மதியம் இரண்டு மணிக்கு கேஜ் மாட்டினேன், 195. ஆனால் பூமை மேலே நிறுத்திவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது என்று ஆபரேட்டர் சொல்கிறார். ஜாக்கின் பிஸ்டன் சீலா, வால்வு பிளாக்கா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன், பூம் இறங்காமல் தாங்குகிற பூம் லாக் போட்டுவிட்டு முதலில் ஜாக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.